பொதுச் சுகாதாரமும் சமுதாயப் பிரிவுகளும்

மழை எல்லார்க்கும் பொதுவென்பர். வானினின்றும் விழுமளவும் அது பொதுவே. நிலத்தைத் தொட்ட கணத்திலே அப்பொதுமை நீங்கிவிடுகின்றது. அணையும் மதகும் உடைய குளம் அதனைத் தேக்கிக்கொள்ளுகின்றது. செம்மண் உள்ளிழுத்துக் கிணற்றுக்கு ஊற்றாக்குகின்றது. உவர்நிலத்தில் வீழ்ந்தது ஒருவர்க்கும் பயன்படாது போகின்றது. பள்ளத்திற் குடியிருப்பவன் வீட்டினுள் அதே மழை வெள்ளமாய்ப் புகுகின்றது. மழையில் வேற்றுமையில்லை, அதனை ஏற்கும் நிலங்களே வேறு. மக்கள் நலங்கருதி அரசாங்கங்கள் இயற்றும் சுகாதாரத் திட்டங்களும் இத்தன்மையனவே.

ஒரே சட்டம், ஒரே மருந்து, ஒரே அறிவுரை நாடெங்கும் வழங்கப்படுகின்றன. அவற்றால் ஒரு சாரார் பெரும்பயன் எய்துகின்றனர். மற்றொரு சாரார் சிறுபயனே எய்துகின்றனர். வேறு சிலர் துன்பமே எய்துகின்றனர். இஃது ஏன்? இவ்வினாவுக்குப் பலர் எளியதொரு விடை வைத்திருக்கின்றனர். படியாத சனங்கள் சொல்வதைக் கேளார் என்பதே அவ்விடை. அது முழுவதும் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. ஆனால், குற்றத்தை நோயாளியின் தலையிற் சுமத்திவிட்டுத் திட்டத்தை ஆராயாது விடுதற்கு அது வழிசெய்கின்றது. நமது நாட்டின் நூற்றாண்டுகாலச் சுகாதார வரலாற்றை நிதானமாக நோக்குவோமாயின் வேறு காரணங்கள் புலப்படும்.

முதற்கண் மலேரியாவை எடுத்துக்கொள்வோம். 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மா ஓயா, தெதுரு ஓயா முதலிய ஆறுகள் ஓட்டங்குன்றி, மணற்படுக்கையிடையே தேங்கிய குட்டைகளாயின. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு விரைந்தோடும் நீரிற் பெருகுவதன்று. வெயில்படும் தெளிந்த தேங்குநீரிலேயே பெருகுவது. ஆகவே, ஆறுகள் வற்றியமை நுளம்புக்கு வாய்ப்பாயிற்று. அவ்வாண்டின் இறுதியிலே தொடங்கி 1935இலும் நீடித்த கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெரிதும் தாக்கப்பட்டன. வறண்ட வலயத்து மக்கள் ஆண்டுதோறும் இந்நோயோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். கேகாலைப் பகுதியார்க்கு அவ்வாற்றல் இல்லை. அன்றியும், வரட்சியால் விளைவு கெட்டுப் பசியால் மெலிந்திருந்த ஏழைக் குடும்பங்களில் நோய் எளிதிற் கொல்லும் வலியுடையதாயிற்று. கொயினா எல்லார்க்கும் ஒரே கொயினாதான். வயிற்றிற் சோறுள்ள உடம்பிலும் சோறற்ற உடம்பிலும் அது செய்யும் வேலை ஒன்றாயிருக்கவில்லை.

பதினோராண்டுகள் கழிந்தபின் டி.டி.ரி. என்னும் நுளம்புக்கொல்லி வந்தது. 1945ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வீட்டுச் சுவர்களில் அது தெளிக்கப்படலாயிற்று. 1946இல் ஆயிரம் பேர்க்கு ஏறக்குறைய 20 ஆகவிருந்த இறப்பு வீதம், 1947இல் ஏறக்குறைய 14 ஆகக் குறைந்தது. பிறக்கும் ஆயிரங் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் தொகையும் அதே காலத்தில் 141இலிருந்து 101 ஆயிற்று. இவ்வீழ்ச்சி முழுவதும் டி.டி.ரி.யால் விளைந்ததன்று, போருக்குப்பின் உணவு நிலை சீரடைந்ததும், வைத்தியசாலைகள் பெருகியதும் அதிற் பங்குடையன என்று அறிஞர் வாதிடுவர். எனினும், மலேரியா நிலைகொண்டிருந்த வறண்ட வலயத்து ஏழைக்குடிகள் இதனாற் பெரும்பயன் பெற்றனர் என்பதில் ஐயமில்லை.

ஏனைய திட்டங்கள் பலவும் ஏழைகளை இறுதியிலே சென்றடைய, இத்திட்டம் மட்டும் அவர்களை முதலிலே சென்றடைந்தது எவ்வாறு? தெளிப்பவர் வீட்டுக்கு வந்தார், சுவரிலே தெளித்தார், சென்றார். வீட்டுக்காரர் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டியதில்லை. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒருநாட் கூலியை இழந்து எங்கேனும் போய்க் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பயன்பெறுவோனிடம் யாதொன்றும் கேளாத திட்டம் யாவர்க்கும் பயன்படுகின்றது. உப்பில் அயடீன் சேர்த்தலும் இவ்வகையினதே. 1995ஆம் ஆண்டு தொடக்கம் நம்நாட்டில் அது கட்டாயமாக்கப்பட்டது. செல்வர் உப்பும் வறியவர் உப்பும் ஒன்றாதலின், கண்டக்கழலையைத் தடுக்கும் காப்பும் இருவர்க்கும் ஒன்றாயிற்று.

ஆயினும், டி.டி.ரி. தெளிப்பும் ஒன்றை வேண்டிநின்றது. தெளிப்பதற்குச் சுவர் வேண்டும். 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேரே காணப்பட்டனர். வெற்றி கிடைத்துவிட்டதென்று எண்ணி முயற்சி தளர்ந்தது. 1968இலும் 1969இலும் நோய் மீண்டும் பரவி, 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. சேனைப்பயிர் செய்து திறந்த குடில்களில் உறங்கியோரும், இரத்தினக்கல் அகழும் குழிகளருகே தங்கியோரும் இந்நோய்க்கு எளிதில் ஆட்பட்டனர். சுவரில்லாதவனுக்குச் சுவரிலே தெளிக்கும் மருந்தால் ஆவதென்ன? பின்னர் பல்லாண்டு முயற்சியின் பயனாக 2012ஆம் ஆண்டுடன் உள்நாட்டில் தொற்றும் மலேரியா நின்றது. 2016இல் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென உறுதிப்படுத்தியது.

இனி, இதற்கு மாறான எடுத்துக்காட்டொன்றைக் காண்போம். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொக்பெல்லர் தாபனத்தார் நமது பெருந்தோட்டங்களிலே கொழுக்கிப்புழுவை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினர். இப்புழுவின் முட்டை மலத்தோடு வெளிப்பட்டு, ஈரமண்ணிலே பொரித்துப் புழுக்குஞ்சாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுட் புகும். குடலிலே பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை விளைவிக்கும். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோர் இப்புழுவினாற் பீடிக்கப்பட்டிருந்தனர். மருந்து கொடுக்கப்பட்டது, புழு வீழ்ந்தது. மருந்துண்டவன் மறுநாட் காலையில் அதே மண்ணிலே அதே வெறுங்காலுடன் மலையேறினான். போதிய மலசலகூடங்கள் கட்டப்படாமையாற் புழு மீண்டும் புகுந்தது. மலசலகூடம் கட்டுதற்குரிய செலவு தோட்ட முதலாளிகளுக்குரியது. மருந்து மலிவு, கட்டடம் செலவு. மலிவான பாதி நிறைவேறியது. செலவான பாதி இழுபட்டது. இதிலே தொழிலாளியின் அறியாமைக்குள்ள பங்கு எத்துணை, கணக்கேட்டுக்குள்ள பங்கு எத்துணை என்பதை வாசகரே நிறுத்துப் பார்க்கலாம்.

தோட்ட மக்களின் வரலாற்றிலே மற்றொரு காரணமும் வெளிப்படுகின்றது. அது சட்டத்தின் எல்லைக்கோடு. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. கிராமத்தவர்க்கு முன்னரே தோட்டத்தவர்க்குச் சட்டம் வந்தமை வியப்பாகத் தோன்றலாம். ஆனால், அச்சட்டங்கள் அவர்களைக் குடிகளாகக் கருதி எழுந்தனவல்ல. தொழிற்படையாகக் கருதி எழுந்தவை. அவர்தம் உடல்நலம் அரசாங்கத்தின் பொறுப்பாகாது, பெரிதும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாயிற்று. கிராமங்களிலோ 1926இற் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை படிப்படியாகப் பரவியது. அரசாங்க மருத்துவிச்சி வீடுதோறுஞ் சென்றாள். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. இவ்வளர்ச்சி யாவும் தோட்டத்தின் எல்லைக் கல்லருகே வந்து தயங்கி நின்றது.

அக்கல்லை அகற்றும்படி கேட்பதற்குரிய குரலும் அம்மக்களுக்கு இல்லாது போயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்து வந்த தேர்தற் சட்டத்தால் வாக்குரிமையும் இழந்தனர். வாக்கில்லாதவன் வாயிலுக்கு வைத்தியசாலை கேட்டு வருபவர் யார்? 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையிலே உணவு விலை ஏறியபோது அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. கிராமத்தவனுக்கு மரவள்ளி நடுவதற்கேனும் ஒரு துண்டுக் காணி இருந்தது. லயத்திலே வாழ்பவனுக்கு அதுவும் இல்லை. பங்கீட்டுக் குறைப்பு எல்லார்க்கும் பொது. ஆனால் தோட்டப்பகுதி இறப்பு வீதம் நாட்டின் பொதுவீதத்தை விஞ்சிக் கடுமையாக உயர்ந்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்டன. பிரசாவுரிமையும் பின்னர் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. எனினும், பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிலே செலவிடுதற்கிருந்த சட்டத்தடை 2018இலேதான் திருத்தத்தால் நீங்கியது என்பதை நோக்குக.

ஈண்டு எனது அனுபவமொன்றைக் கூறுதல் பொருத்தமாகும். எனது முதல் நியமனம் மலைநாட்டுப் பாடசாலையொன்றிலே கிடைத்தது. பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது எட்டாம் வகுப்பு மாணவனொருவனுக்குக் கண்பார்வைக் குறைவு இருத்தல் கண்டுபிடிக்கப்பட்டது. நகர வைத்தியசாலைக்குச் செல்லும்படி ஒரு துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. இரண்டு மாதங் கழித்தும் அத்துண்டு அவன் கொப்பியினுள்ளேயே இருந்தது. தகப்பனாரை அழைத்துக் கடிந்துகொண்டேன். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "சேர், துண்டு இலவசந்தாங்க. போயிட்டு வர்றதுதான் இலவசமில்ல" என்றார். கண் சிகிச்சை வேலைநாளில் நடப்பது. அன்று மலைக்குச் செல்லாவிடின் பேர் இல்லை. பேர் இல்லையேல் அந்நாட் சம்பளம் இல்லை. பஸ் கட்டணம் இருவர்க்கு. ஒருநாளில் முடியாவிடின் மீண்டும் ஒருநாள். மாதச் சம்பளம் பெறும் நான், விடுமுறை எடுத்து வைத்தியசாலைக்குச் செல்பவன். அக்கணக்கை அதற்குமுன் ஒருபோதும் போட்டறியேன். கடிந்த வார்த்தைகளை மீளப்பெற முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை நானே பையனை நகரிலுள்ள கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் சென்றேன். அஃது ஒரு பையனுக்குத் தீர்வாயிற்று; ஏனைய துண்டுகள் ஏனைய கொப்பிகளில் இருந்தன.

இலவசமாகக் கொடுக்கப்படும் பொருளுக்கும் பெறுவோன் ஒரு விலை கொடுக்கின்றான். நேரம், கூலி, வழிச்செலவு, தெரியாத மொழியிலே பதில்கூறும் கூச்சம் என்பன அவ்விலையாகும். இவ்விலை வசதியுடையவனுக்குச் சிறிது, வறியவனுக்குப் பெரிது. போசாக்கு உணவும் இதற்கொரு சான்று. 1973இலே தொடங்கிய திரிபோஷத் திட்டம் கருப்பவதிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் நிறைகுன்றிய குழந்தைகளுக்கும் மாவுணவு வழங்குகின்றது. உணவு போதிய வீட்டிலே அப்பொதி உரிய குழந்தைக்கே சேர்கின்றது. நான்கு பிள்ளைகள் பசித்திருக்கும் வீட்டிலே தாய் அதனை நான்காகப் பகிர்கின்றாள். எந்தத் தாய்தான் பகிராதிருப்பாள்? திட்டம் ஒரு குழந்தையை எண்ணுகின்றது; தாய் நான்கு குழந்தைகளை எண்ணுகின்றாள். குழந்தையின் நிறை எதிர்பார்த்தவாறு ஏறவில்லையெனின், பிழை தாயின்பாலதன்று.

இந்நிலை நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் 1948ஆம் ஆண்டு தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. யாவரும் கட்டணமின்றி மருத்துவம் பெற்றனர். 1971இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றிலே பணியாற்றிய வைத்தியர் யூலியன் ரியூடர் ஹார்ற், லான்செற் என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். மருத்துவத் தேவை மிகுந்த இடத்திலே நல்ல மருத்துவம் குறைவாகவும், தேவை குறைந்த இடத்திலே மிகுதியாகவும் கிடைக்கின்றது என்பது அவர் கண்ட முடிபு. 1967இலே தொடங்கப்பட்ட வைற்ஹோல் ஆராய்ச்சி, இலண்டன் அரசாங்க ஊழியரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. உத்தியோகப் படி தாழத் தாழ இதயநோயால் இறப்போர் வீதம் உயர்ந்தமையைப் பேராசிரியர் மைக்கல் மாமொற்றும் அவர்தங் கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினர். அவ்வூழியர் எவரும் பட்டினி கிடந்தவரல்லர். எனவே, பேதம் செல்வர்க்கும் பரம வறியவர்க்குமிடையே மட்டும் உள்ளதன்று; ஏணியின் ஒவ்வொரு படியிலும் உள்ளது. 1980இல் வெளிவந்த பிளாக் அறிக்கையும், இலவச சேவை தொடங்கி முப்பதாண்டுகள் கழிந்தும் வகுப்பு வேற்றுமை நீங்கவில்லை என்று கூறிற்று.

இவ்வேற்றுமைகள் கண்ணுக்குப் படாது போவதற்குச் சராசரி என்னும் எண் ஒரு காரணம். ஆசிரியராகிய நாம் இதனை நன்கறிவோம். வகுப்பின் சராசரிப் புள்ளி அறுபது எனின் அதிபர் மகிழ்வர். தொண்ணூறு பெற்றோரும் முப்பது பெற்றோரும் அவ்வறுபதிலே மறைந்துகிடப்பர். இலங்கையின் சுகாதாரச் சராசரிகள் வறிய நாடுகளிடையே பெரிதும் புகழப்பெற்றவை, அப்புகழும் தகுதியானதே. ஆனால் புகழுக்குரிய சராசரியைக் காட்டி, முப்பது பெற்ற மாணவனை மறத்தல் ஆசிரியர்க்கு அழகன்று, அரசுக்கும் அழகன்று.

இறுதியாக, பொருளாதார நிலையைச் சாராத மற்றொரு காரணத்தையும் கூறல் வேண்டும். 2020ஆம் ஆண்டு கொவிட் நோய் பரவியபோது, அந்நோயால் இறந்தோரின் உடல்களைத் தகனஞ் செய்தல் கட்டாயமென அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் அரசாங்கம் பிரகடனஞ் செய்தது. அடக்கமும் தகனமும் இரண்டும் செய்யலாமென உலக சுகாதார தாபனம் அதற்கு முன்னரே கூறியிருந்தது. சட்டத்தின் சொற்கள் எல்லார்க்கும் ஒன்றே. நம்மவர்க்குத் தகனம் வழிவழி வந்த கிரியை. ஆதலால் அச்சட்டம் நமக்குச் சட்டமாகவே தோன்றவில்லை. இஸ்லாமியர்க்கோ தகனம் மார்க்கத்தால் விலக்கப்பட்டது. அடக்கஞ் செய்யும் வழக்கமுடைய கிறித்தவர்க்கும் அது துயரமாயிற்று. பெற்ற பிள்ளையையும் பெற்ற தாயையும் தம் நெறிக்கு மாறாக நெருப்பிலிடக் கண்டவர் நெஞ்சிலே எரிந்தது எதுவென்று நாம் அப்போது எண்ணிப் பார்த்தோமா? 2021 பெப்புருவரி இறுதியிலே அடக்கஞ் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. தன் வழக்கத்தோடு பொருந்தும் சட்டத்தின் பாரத்தை ஒருவன் உணர்தல் அரிது. இதுவே அந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இதுகாறுங் கூறியவற்றால் நான்கு காரணங்கள் பெறப்படும். நோய்க்கு ஆளாகும் சூழல் பிரிவுக்குப் பிரிவு வேறுபடுகின்றது. திட்டத்தைப் பயன்படுத்தும் ஆற்றல் வேறுபடுகின்றது. சட்டமும் நிருவாகமும் வகுத்த எல்லைகள் சிலரை வெளியே நிறுத்துகின்றன. திட்டம் வகுப்போரின் வாழ்க்கைமுறையே யாவர்க்கும் இயல்பெனக் கொள்ளப்படுகின்றது.

அங்ஙனமாயின், பிரிவுக்கொரு சட்டம் இயற்றுவதா, அது சமத்துவத்துக்கு மாறன்றோ என்று ஒருவர் வினவலாம். வறியவர்க்கென்றே தனித்துச் செய்யப்படும் சேவை காலப்போக்கில் வறிய சேவையாகிவிடும் என்னும் அச்சமும் நியாயமானதே. 2010இல் மாமொற் தலைமையில் இங்கிலாந்தில் வெளியான அறிக்கை இதற்கு ஒரு வழி கூறியது. சேவை யாவர்க்கும் பொதுவாயிருத்தல் வேண்டும். அதன் செறிவு தேவைக்கேற்ப மிகுதல் வேண்டும். ஒரே துண்டை யாவர்க்கும் கொடுப்பது மட்டும் போதாது. வரமுடியாதவனிடம் கண்வைத்தியர் செல்லுதலும் வேண்டும். கொடுத்ததை அளக்குமிடத்துச் சமம் தோன்றலாம். பெற்றதை அளக்குமிடத்தே உண்மை தோன்றும்.

இது நமக்குப் புதிய கருத்துமன்று. மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தியன் ஆராயவேண்டியவற்றை வகுக்கும் திருவள்ளுவர், நோயின் தன்மைக்கும் காலத்துக்கும் முன்னாக நோயுற்றவனின் நிலைமையை வைத்தார். நமது திட்டங்கள் நோயை நன்கு அளந்தன. காலத்தையும் ஒருவாறு அளந்தன. நோயுற்றவன் யாவன், எங்கே வாழ்கின்றான், அவனுக்கு இன்று பேர் உண்டா இல்லையா என்பதை அளக்க மறந்தன. இக்கல்லூரியினின்றும் வைத்தியராகவும், நிருவாகிகளாகவும், ஆசிரியராகவும் வெளியேறும் மாணவர், ஒரு துண்டை எழுதிக் கையெழுத்திடுமுன், அது எந்தக் கொப்பியினுள்ளே தங்கிவிடும் என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக.